ஃபேன் பெட்டியில் ஒரு மாருத்

பெட்டி இருக்கிறதா என்று சென்னியப்பன் மறுபடியும் பாதத்தால் தொட்டுப் பார்த்துக்கொண்டார். இருந்தது. நாற்காலிக்கு அடியில், இரண்டு குதிகால்களுக்கும் நடுவில், எப்போதோ டேபிள் ஃபேன் வாங்கிய அட்டைப்பெட்டி. சணல் கயிறு குறுக்கும் நெடுக்கும் போட்டு, உச்சியில் மனைவி துளசிமணி போட்ட உருவு முடிச்சு. ஒரே இழுப்பில் அவிழ்ந்துவிடும். "அத்தனை பேருக்கு முன்னால முடிச்சோட மல்லுக்கட்டிட்டு நிக்காதீங்க, கை நடுங்கறது தெரியும்" என்று சொல்லித்தான் அவள் அப்படிப் போட்டாள். கை நடுங்குவது தனக்கு மட்டும்தான் தெரியும் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்; அவள் வாயால் கேட்டபிறகு ஊருக்கே தெரிந்துபோனது போல ஆகிவிட்டது. கைகளை மடியில் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, மேல்கையால் கீழ்க்கையை அமுக்கிக்கொண்டார். கேண்டீனில் மதியச் சாம்பாரின் வாடை இன்னும் போகவில்லை. அதற்கு அடியில் மோட்டார் சுருளுக்குப் பூசுகிற வார்னிஷின் வாடை. அது இந்தச் சுவர்களுக்குள்ளேயே ஊறிப்போனது, ஞாயிற்றுக்கிழமை பட்டறை ஓடாவிட்டாலும் வந்துகொண்டிருக்கும். பம்ப்செட் கம்பெனி முதலாளி கிருபாகரன்தான் சங்கத்துக்குச் செயலாளர் என்பதால், மாதத்தின் கடைசி ஞாயிறு அவருடைய பீளமேட்டுக் கேண்டீன் மேசைகளைச் சேர்த்துப் போட்டுத்தான் கூட்டம். விமான மாடல் செய்கிறவர்களின் சங்கம். முதலில் பேச்சு, பிறகு டீ, டீக்குப் பிறகு காட்டுகிற நேரம். அவரவர் செய்து முடித்ததை மேசைமேல் வைக்கிற நேரம் அது. சென்னியப்பனும் வைத்திருக்கிறார், கடையில் வாங்கிய கிட்டை ஒட்டிப் பெயிண்ட் அடித்த உள்ளங்கை அளவு விமானங்கள். நல்லாருக்குங்கண்ணா என்பார்கள், பக்கத்து விமானத்துக்குக் குனிந்துவிடுவார்கள். இன்று டீக்குப் பிறகு அவர் முடிச்சை இழுப்பார். துளசிமணியின் பழைய நூல்சேலைத் துண்டை விலக்குவார். உள்ளே மாருத் இருக்கும்.

நம் நாட்டிலேயே வடிவமைத்து, பெங்களூரில் கட்டி, ஒரு காலத்தில் பறந்த சண்டை விமானம். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இன்று பெயர்கூடத் தெரியாது. நிஜத்தில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு, அரை மீட்டர் நீளம். அந்த அளவில் மாருத்தின் கிட்டை உலகத்தில் எந்தக் கம்பெனியும் போட்டதில்லை. அதனால் ஒட்டுவதற்குத் துண்டுகள் இல்லை, பார்த்துச் செய்ய விளக்கத்தாள் இல்லை. மெழுகில் செதுக்கி, பிளாஸ்டரில் அச்செடுத்து, தன் தொழிலான பல்செட்டுக்கு ஊற்றுகிற அக்ரிலிக்கை ஊற்றி, அரத்தால் ராவி, தப்பாய்ப் போய், உடைத்து, மறுபடி மெழுகு. பதினோரு வருஷம் என்று துளசிமணி சொல்கிறாள், அவள் எதையும் கூட்டித்தான் சொல்வாள், ஆனால் இதில் குறைத்திருக்கிறாள் என்று அவருக்குத் தோன்றும். விமானியின் இருக்கையை ஈறுக்கு ஊற்றுகிற ரோஸ் கலரில்தான் வார்த்தார், மிஞ்சியது அதுதான். மேலே கறுப்பு அடித்துவிட்டார், யாருக்கும் தெரியாது. ஆனால் அவருக்குத் தெரியும், அந்தக் கறுப்புக்கு அடியில் ஈறு இருக்கிறது. சக்கரம் மடங்குகிற குழியிலும் ஈறுதான். சில சமயம் ராத்திரி படுத்திருக்கும்போது அந்த விமானம் வாயைத் திறந்து ஏதோ சொல்லப்போவது போல இருக்கும். என்ன சொல்லும்? அது சொல்ல வேண்டாம், இவர்கள் சொல்லட்டும். சங்கத்துக்கு வருகிற எதையும் அளந்து தீர்ப்புச் சொல்கிற செல்வின் சார் சொல்லட்டும். செல்வின் குனிந்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஒரு நிமிஷம் பேச்சில்லாமல் பார்த்துவிட்டு, கம்பெனியே போட்ட மாதிரி இருக்கே என்று சொல்ல வேண்டும். அதைத் தாண்டி இந்தச் சங்கத்தில் ஒரு பாராட்டு கிடையாது. நல்லாருக்கு என்பது எல்லாருக்கும் சொல்வது. கம்பெனியே போட்ட மாதிரி என்பதை யாரும் யாருக்கும் சொல்லி அவர் கேட்டதில்லை. பல்செட்டிலும் அப்படித்தான். பல் அழகாயிருக்கிறது என்று ஒருத்தர் சொல்லிவிட்டால் அது கெட்ட வேலை. சொந்தப் பல் என்று நினைத்துக்கொண்டு பேசாமல் போனால்தான் வேலை. செய்த கை தெரியக்கூடாது. தெரியக்கூடாது என்றுதானே இத்தனையும் செய்தது, பிறகு எதற்கு மேசைமேல் வைக்க வேண்டும், என்ற கேள்வி எங்கோ ஒரு முனையில் மாட்டி இழுத்தது. அதைக் கழற்றிவிட்டார். டீ வரட்டும்.

டீ வருகிற மாதிரி இல்லை. கிருபாகரன் போனை முகத்துக்குக் கிட்டத்தில் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். "ஒரு சந்தோசமான விசயமுங்க. நாம மாசாமாசம் இங்க உக்காந்து, அந்தக் கம்பெனி இதப் போடோணும், இந்தக் கம்பெனி அதப் போடோணும்னு கத்தறமே, ஒருத்தன் காதுல விழுந்திருச்சுங்க." பெரிய அளவில் மட்டும் கிட் போடுகிற ஒரு ஐரோப்பியக் கம்பெனி எல்லா நாட்டுச் சங்கங்களுக்கும் எழுதியிருக்கிறதாம். அடுத்து எந்த விமானத்தைப் போடலாம், ஒரு சங்கம் ஒரே ஒரு பெயர் சொல்ல வேண்டும், நாலைந்து எழுதினால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கேண்டீனில் நாற்காலிகள் முன்னால் நகர்கிற சத்தம். வேறு எதற்கும் இவர்கள் நாற்காலியை இப்படி நகர்த்த மாட்டார்கள். "லங்காஸ்டருங்க" என்று ஒருவர் ஆரம்பித்தார், பாலிடெக்னிக்கில் பாடம் எடுக்கிறவர். "நாலு எஞ்சின்." "எங்கீங்க வெப்பீங்க? இறக்கை ஒரு மீட்டருக்கு வருதே?" "கட்டிலுக்கு மேல தொங்க விட்டுக்கறேன்." "அப்ப வீட்டுக்காரம்மா?" "அவ இப்பவே ஹால்லதான் படுக்கறாளுங்க, உங்க கூட்டத்துக்கு வர ஆரம்பிச்சதுல இருந்து." சிரித்தார்கள். பல் டாக்டர் பத்மஜா சிரிக்கவில்லை. "வர்ற வரைக்கும்தான் இந்தக் கத்து. வந்தா ஒருத்தரும் பெட்டியைப் பிரிக்க மாட்டீங்க. கிருபா சார் வீட்டு மாடில பிரிக்காத கிட்டு எத்தனைன்னு அவங்க சம்சாரத்தக் கேளுங்க." "அது முதலீடுங்க டாக்டர்" என்றார் கிருபாகரன். இதிலும் சிரிப்பு. சென்னியப்பனும் சிரித்தார், வாயை மூடிக்கொண்டு, அவர் எப்போதும் அப்படித்தான் சிரிப்பார். ஊருக்குப் பல் கட்டினவருக்குக் கடைவாயில் நாலு இல்லை.

பத்மஜாவின் கிளினிக்குக்குத்தான் கடைசி வருஷங்களில் அவர் பல்செட் செய்து கொடுத்தது. எட்டாவதோடு படிப்பை விட்டு ஒரு பல் பட்டறையில் பிளாஸ்டர் கலக்க நின்றவர் அப்படியே நின்றுவிட்டார். ஒருநாள் அவசர வேலை என்று அந்தம்மாவே பட்டறைக்கு வந்துவிட்டது. மேசையில் மேல்வாய், கீழ்வாய் அச்சுகளுக்கு நடுவில் ஒரு நீளமான மெழுகுக்கட்டி. இது யாருக்குங்கண்ணா பல்லு, என்று கேட்டுச் சிரித்தது. சும்மாங்க டாக்டரம்மா, என்றார். சும்மாவா? இறக்கை மாதிரி இருக்குது. அடுத்த மாதக் கடைசி ஞாயிறு தன் காரிலேயே ஏற்றி இங்கே கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டது. அதன்பிறகு மெழுகுக்கட்டி என்ன ஆச்சு என்று அந்தம்மா கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதில் ஒரு ருசி இருந்தது. மாதாமாதம் இங்கே உட்கார்ந்து இவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு, என் வீட்டு அலமாரியில் என்ன இருக்கிறது தெரியுமா உங்களுக்கு, என்று வாய்க்குள் வைத்துச் சப்பிக்கொண்டிருக்கிற ருசி. கல்கண்டு போல. கரையாத கல்கண்டு. இன்றைக்கு அதைக் கடித்துவிடலாம் என்று வந்தது. காலை மறுபடி நகர்த்தினார். இருந்தது.

செல்வின் எழுந்தார். பாங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், நாகர்கோவில்காரர், மாற்றலில் வந்து இந்த ஊரிலேயே தங்கிவிட்டவர். பையில் எப்போதும் அந்த அளவுகோல் இருக்கும், மில்லிமீட்டரையும் பத்தாகப் பிரித்துக் காட்டுகிற எஃகு வெர்னியர். எந்தக் கம்பெனியின் புதுக் கிட் வந்தாலும் முதலில் அது அந்த வெர்னியரின் தாடைக்குள் போய் வர வேண்டும். அதுதான் இந்தச் சங்கத்தின் வழக்கம். சாமிக்குப் படைப்பது போல வந்த கிட்டை மேசை நடுவில் வைப்பார்கள், பக்கத்தில் வரைபடம், செல்வின் குனிந்து தாடையை விரித்துப் பிடிப்பார், எல்லாரும் மூச்சைப் பிடிப்பார்கள். மூக்கு ரெண்டு மில்லி நீளம், போச்சு. வால் குட்டை, போச்சு. போச்சு என்று அவர் சொல்லும்போது ஒரு சந்தோஷம் சுற்றிவரும், வாங்கினவன் முகத்தைத் தவிர எல்லா முகத்திலும். "நான் சொல்லுதேன் கேளுங்க" என்றார் செல்வின். "கான்பெரா. நம்ம நாட்டுல அரை நூற்றாண்டு பறந்திருக்கு. குண்டு போட்டிருக்கு, படம் எடுத்திருக்கு. இறக்கை அறுபது சென்டிமீட்டர் வரும், கம்பீரமா நிக்கும். வேற பேச்சே வேண்டாம்." அதற்குத் தலைகள் ஆடின. சென்னியப்பனும் மனசுக்குள் ஆட்டினார். நல்லது, கான்பெரா போகட்டும், சீக்கிரம் முடியட்டும். சமையல்கட்டில் பால் பொங்குகிற சத்தம் கேட்டது. இன்னும் கொஞ்ச நேரம். முடிச்சின் எந்த நுனியை இழுக்க வேண்டும் என்று துளசிமணி சொன்னது? குட்டை நுனியா, நீள நுனியா? நீள நுனி. வாசலில் நின்று இரண்டு தடவை சொன்னாள்.

"எனக்கு வேற ஒரு யோசனைங்க" என்றார் கிருபாகரன். குரல் மாறியிருந்தது, கல்யாண வீட்டில் மொய் அறிவிக்கிறவர் குரல். "நம்ம சங்கத்துல ஒருத்தர் வருசக்கணக்கா ஒரே ஒரு பேர்தான் சொல்லியிருக்கறாரு. வேற எதுக்கும் வாய் தொறக்க மாட்டாரு. என்ன கேட்டாலும் ஒரே பதில், மாருத் ஒண்ணு பெருசா வந்தா நல்லாருக்கும். நான் சொல்றது யாருன்னு தெரியும்." எல்லா முகமும் திரும்பியது. முகங்கள் திரும்பும்போது வருகிற சூடு காதில் ஏறியது. "நம்ம நாட்டு விமானம், நாமதான் கேக்கோணும். சென்னியப்பண்ணனுக்காகவே கேக்கோணும். இன்னும் ரெண்டு வருசத்துல கிட்டு வந்துரும். மொதப் பெட்டி அண்ணன் கையில, செலவு என்னோடது. என்னங்கண்ணா?" கை தட்டினார்கள். சென்னியப்பன் மடியில் இருந்த கைகளைப் பார்த்துக்கொண்டார். மேல்கை கீழ்க்கையை அமுக்கியபடி. சொன்னது உண்மை. ஒவ்வொரு தடவையும் சொன்னார். அண்ணா நீங்க எதாவது சொல்லுங்க என்று கேட்பார்கள், பேசாமல் இருந்தால் திமிர் என்று நினைப்பார்கள் என்ற பயத்தில், எப்போதும் நாக்கில் இருக்கிற ஒரே பெயரைச் சொல்லிவைத்தார். யாரும் போடமாட்டார்கள் என்று தெரிந்துதான் சொன்னார். நாலு ஊருக்கு அப்பால் யாருக்கும் தெரியாத விமானம், எந்தக் கிறுக்கன் லட்சம் லட்சமாய்க் கொட்டி அதற்கு அச்சு வெட்டுவான்? அந்தத் தைரியத்தில் சொன்னார். வா வா என்று வாசலில் நின்று கூப்பிடுவார்களே, வரமாட்டார்கள் என்று தெரிந்தவர்களை, அப்படி. இப்போது வந்து செருப்பைக் கழற்றுகிறார்கள்.

ரெண்டு வருஷம். அவருக்கு அந்தப் பெட்டி கண்ணில் தெரிந்தது. வழவழ அட்டை, மேலே மாருத் மேகத்தைக் கிழித்துக்கொண்டு போகிற படம், உள்ளே சாம்பல் நிறத்தில் வரிசை வரிசையாகத் துண்டுகள். இறக்கை, வால், இருக்கை. இருக்கை ரோஸில் இருக்காது. பாலிடெக்னிக்காரர் லீவில் உட்கார்ந்து பத்து நாளில் ஒட்டிவிடுவார். கிருபாகரன் நாலு வாங்கிப் பிரிக்காமல் மாடியில் அடுக்குவார். கடைக்காரன் கண்ணாடிக்குள் வைப்பான். எவன் வேண்டுமானாலும் வாங்கலாம், எவன் வேண்டுமானாலும். அதுகூடப் போகட்டும். போகட்டுமா? இல்லை, அதற்குக் கீழே இன்னொன்று இருந்தது, அதைத் தொடாமல் சுற்றிப்போகப் பார்த்தார், கால் அங்கேயே போய் நின்றது. இடுப்பு. மாருத்தின் உடம்பு இறக்கை சேருகிற இடத்தில் உள்ளே ஒடுங்கும், குடத்தின் கழுத்து போல, பிறகு மறுபடி விரியும். அந்த ஒடுக்கம்தான் மாருத். அது சரியாக இல்லாவிட்டால் வெறும் குழாய். பெங்களூரில் காட்சிக்கு நிறுத்தியிருந்த மாருத்தைப் பார்க்க மூன்று தடவை போனார். கம்பி வேலி. வேலிக்கு வெளியே நின்று, நூலை நீட்டி, ஒரு கண்ணை மூடி, விரல்கடையால் அளந்து, காவல்காரன் என்ன பெரியவரே செய்யறீங்க என்று கன்னடத்தில் கேட்க, கும்பிடு போட்டு. பக்கவாட்டில் அளந்தார். முன்னால் அளந்தார். மேலேயிருந்து பார்க்க வழியில்லை. கிடைத்த வரைபடங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. இடுப்பு மேலேயிருந்து பார்த்தால் எவ்வளவு ஒடுங்குகிறது? தெரியாது. மெழுகைச் சூடுகாட்டி, கண்ணை மூடிக்கொண்டு, கட்டைவிரலால் இரண்டு பக்கமும் அமுக்கினார். இவ்வளவு இருக்கும் என்று தோன்றிய இடத்தில் நிறுத்தினார். தோன்றியது, அவ்வளவுதான். அந்த இரண்டு கட்டைவிரல் பள்ளம்தான் இப்போது பெட்டிக்குள் அக்ரிலிக்காக இருக்கிறது.

கம்பெனிக்காரன் கண்ணை மூடிக்கொண்டு அமுக்க மாட்டான். கருவியோடு வருவான், வேலியைத் திறந்துவிடுவார்கள், ஏணி போட்டுக் கொடுப்பார்கள், ஒளியைப் பாய்ச்சி மயிரிழை விடாமல் எடுத்துக்கொண்டு போவான். பிறகு ஒரு கடைசி ஞாயிறு அந்த மாருத்தும் இந்த மாருத்தும் இதே மேசையில் பக்கத்தில் பக்கத்தில். செல்வின் பையைத் திறப்பார். தாடை விரியும். அடேயப்பா, பெரியவரே, இடுப்பு ஆறு மில்லி போச்சே. சிரிக்காமல்தான் சொல்வார். வயசானவர், தனியாகச் செய்தது, அதுக்கு இதுவே பெரிசு, என்று கிருபாகரன் சேர்த்துக்கொள்வார், அதுதான் தாங்காது. செல்வினின் போச்சைத் தாங்கலாம், கிருபாகரனின் பெரிசைத் தாங்க முடியாது. ஒருவேளை சரியாக இருந்தால்? கட்டைவிரல் சரியான இடத்தில்தான் நின்றிருந்தால்? அப்போது மட்டும் என்ன, கம்பெனியே போட்ட மாதிரி இருக்கிறது என்பார்கள், கம்பெனியே போட்டது பக்கத்தில் இருக்கும்போது. கிட் வராதவரை இதுதான் மாருத். அளந்து பார்க்க இன்னொன்று இல்லை. வந்துவிட்டால் இது மாருத் மாதிரி ஒன்று. குதிகால்கள் பெட்டியை இறுக்கின. அட்டை மெதுவாக உள்ளே அமுங்குவதை உணர்ந்து சட்டென்று தளர்த்தினார்.

"மாருத்தா?" என்று செல்வின் கேட்டுக்கொண்டிருந்தார். "நல்ல உடம்பு, ஒத்துக்கிடுதேன். எஞ்சின் எங்க இருந்துச்சு? புல்லட்டுல மொபெட் எஞ்சினை மாட்டின கதை அது. அதைப் போய் எவன் வாங்குவான்?" "நாம வாங்குவமுங்க" என்றார் கிருபாகரன். "நம்மது நொண்டியா இருந்தாலும் நம்மது." "அப்ப நொண்டின்னு ஒத்துக்கிடுதீரு." அந்தச் சிரிப்பு சென்னியப்பனுக்குப் பொறுக்கவில்லை. செல்வினைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது; மாருத்தைப் பற்றி இவன் யார் பேச? அந்தக் கோபத்தோடேயே இன்னொரு நினைப்பு பக்கத்தில் வந்து உட்கார்ந்தது: பேசு, இன்னும் பேசு, நாலு பேர் மனசைக் கலை. இரண்டும் ஒரே நெஞ்சில் எப்படி இருக்கிறது என்று அவருக்கே அருவருப்பாக இருந்தது. பத்மஜா தன்னையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்து தலையைக் குனிந்துகொண்டார். "சரி, கை தூக்கிருவோமுங்க" என்றார் கிருபாகரன். "கான்பெராவுக்கு யாரு?" செல்வின் முதலில், பிறகு ஒன்று, பிறகு இரண்டு சேர்ந்தாற்போல. "நாலு. மாருத்துக்கு?" கிருபாகரன் தன் கையையே கொடிக்கம்பம் போல உயர்த்திக்கொண்டு எண்ணினார். பத்மஜாவின் கை. பாலிடெக்னிக்காரர், லங்காஸ்டரை விட்டுக்கொடுத்துவிட்டு. இன்னொருவர். "நாலு." சுற்றிப் பார்த்தார். சென்னியப்பனின் கைகள் மடியில் இருந்தன.

"அண்ணன் கூச்சப்படறாருங்க" என்றார் கிருபாகரன் வாய் நிறைந்த சிரிப்போடு. "அவருக்காக அவரே கை தூக்குவாரா? மாருத் அஞ்சு. முடிஞ்சுது." போனைக் கையில் எடுத்துவிட்டார். சும்மா இருந்தால் போதும் என்று சென்னியப்பன் நினைத்திருந்தார். எப்போதும் சும்மா இருந்தே தப்பித்தவர். பந்தியில் உப்பில்லாவிட்டாலும் சும்மா, பல்செட் வாங்கினவன் குறை சொன்னாலும் சும்மா. இன்றைக்கு அந்தச் சும்மாவே அவருக்குப் பதிலாகக் கை தூக்கிவிட்டது. கிருபாகரனின் கட்டைவிரல் போன்மேல் ஓடுவதைப் பார்த்தார். மாருத்தின் எம், ஏ. அந்த விரல் நின்றால் போதும். "இல்லீங் தம்பி" என்றது ஒரு குரல். அவருடையதுதான். "என்னங்கண்ணா?" "நானு..." மேல்கை கீழ்க்கையை விட்டது. வலது கை தானாகப் போவது போலத் தோளுக்கு மேலே போயிற்று, அங்கே நின்று நடுங்கியது, எல்லாரும் பார்க்கும்படி. துளசிமணி சொன்ன நடுக்கம். "கான்பெராவுக்குங்க." கிருபாகரனின் முகத்தில் சிரிப்பு அணையாமல், எரிவதற்கு ஒன்றும் இல்லாமல், அப்படியே இருந்தது. "நீங்கதானுங்களே எப்பவும்..." "கான்பெரா பெருசா இருக்குமுங்க. பார்க்கறதுக்கு நல்லாருக்கும்." அவ்வளவுதான் வந்தது. செல்வின் எழுந்து வந்து அவர் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். "பெரியவர் வாயத் தொறந்தாலும் தொறந்தாரு, ஞாயமாத் தொறந்தாரு! கேட்டீங்களா கிருபா, மாருத் பக்தரே கைவிட்டுட்டாரு." அந்தத் தட்டு முதுகெலும்பு வழியாக இறங்கி நாற்காலிக்குள் போய்ப் பெட்டியைத் தொட்டது போல இருந்தது.

டீ வந்தது. ஏலக்காய் போட்டிருந்தார்கள். குடித்து முடித்ததும் காட்டுகிற நேரம், ஒவ்வொருவராக மேசைமேல் வைத்தார்கள், பச்சை ஹெலிகாப்டர், ஒரு பயிற்சி விமானம், பத்மஜாவின் கடல் விமானம், அதற்கு உண்மையான தண்ணீர் போல அலைகூடச் செய்திருந்தது. அண்ணா நீங்க, என்று யாரோ கேட்டார்கள். இப்போதுகூட நீள நுனியை இழுத்துவிடலாம். இழுத்தால்? சேலைத் துண்டை விலக்கின மறுநொடியே எல்லாருக்கும் புரியும், ஏன் கை தூக்கினார் என்று. இதை வைத்துக்கொண்டுதான், நமக்கெல்லாம் கிடைக்கக் கூடாது என்றுதான். கிருபாகரனின் முகத்துக்கு அந்தச் சிரிப்பு திரும்பி வராது. இன்றைக்கு முடியாது. அடுத்த மாதம்? அடுத்த மாதமும் புரியும். அடுத்த வருஷமும். தன் கையாலேயே போட்ட முடிச்சு, இது உருவு முடிச்சு இல்லை. "இன்னைக்கு ஒண்ணும் கொண்டாருலீங்க" என்றார். "அப்ப அந்தப் பெட்டி?" என்று கேட்டது பத்மஜா. எல்லாரும் நாற்காலிக்கு அடியில் குனிந்து பார்த்தார்கள். "ஃபேனுங்க டாக்டரம்மா. சுத்த மாட்டேங்குது. போற வழில ரிப்பேருக்கு." பத்மஜா பெட்டியைப் பார்த்தது. நீளத்தைப் பார்த்தது. அவர் முகத்தைப் பார்த்தது. "ஃபேன்தானுங்களாண்ணா?" "ஆமாங்க." அந்தம்மா வேறு பக்கம் திரும்பித் தன் கடல் விமானத்தின் அலையைச் சரிசெய்ய ஆரம்பித்தது; சரியாக இருந்த அலையை.

"ஃபேனா!" கிருபாகரனுக்கு உயிர் வந்துவிட்டது. மனசில் குத்தினதைக் காட்டிக்கொள்ளாமல் இருக்க அவருக்கு ஒரு உதவி செய்தாக வேண்டியிருந்தது. "மோட்டார் கம்பெனிக்குள்ள உக்காந்துட்டு ஃபேன் ரிப்பேருக்கு வெளிய போறேங்கறீங்களே! குடுங்கண்ணா, நாளைக்கே நம்ம பசங்ககிட்டச் சொல்லிச் சுருள் கட்டித் தர்றேன்." "வேண்டாமுங் தம்பி." "அட குடுங்க." குனிந்து நாற்காலிக்கு அடியிலிருந்து இழுத்து, ஒரு கையால் தூக்கிவிட்டார். "என்னங்க இது, காத்தாட்ட இருக்குது? மோட்டாரே இல்லியா உள்ள?" காதருகே கொண்டுபோய், பம்ப்செட்டை ஆட்டிப் பார்ப்பது போல இரண்டு ஆட்டு ஆட்டினார். உள்ளே டொக் என்று ஒன்று விட்டது. பிறகு உருண்டது. "பாருங்க, என்னமோ கழண்டு ஆடுது." சென்னியப்பன் எழுந்து நின்றுவிட்டார். அவர் அப்படிச் சட்டென்று எழுந்து யாரும் பார்த்ததில்லை. இரண்டு கையாலும் பெட்டியை வாங்கினார், வாங்கினார் என்று சொல்ல முடியாது, பிடுங்கினார். "பழக்கமான கடைங்க" என்றார். "அவன் கோவிச்சுக்குவான்." கிருபாகரன் வெறுங்கையோடு நின்றார். "உங்க இஷ்டமுங்கண்ணா" என்றார். அதில் அண்ணா இருந்தது, ஆனால் முன்னைப் போல இல்லை.

பஸ் ஸ்டாப்பில் வெயில் இன்னும் இறங்கவில்லை. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மெல்லச் சாய்த்தார், உருண்டு வந்தது. மறுபக்கம் சாய்த்தார், உருண்டு போயிற்று. இறக்கை இல்லை, வால் இல்லை. சத்தத்தை வைத்தே தெரிந்தது, முன் சக்கரக் கால். பத்து நிமிஷ வேலை, ஒரு சொட்டுப் பசை. ஒட்டிவிடலாம். ஒட்டி? உள்ளே அந்தக் கால் உடைந்த இடத்தில் சாயம் உரிந்து ரோஸ் தெரியும். கான்பெராவுக்குக் கை தூக்கினோமே, உலகத்தில் எத்தனை சங்கம் இருக்கும், அத்தனை பேரும் அத்தனை பெயர் எழுதுவார்கள், நம் ஊரில் ஒரு கை எந்தப் பக்கம் போனால் என்ன, மாருத்தை எப்படியும் யாரும் போட்டிருக்க மாட்டார்கள், யாரும். அப்படியானால் எதற்கு? இது எங்கேயும் போய் முடியாமல் சுற்றி வந்து மறுபடி கட்டைவிரல் பள்ளத்தில் விழுந்தது. சட்டைப்பையில் போன் அடித்தது. துளசிமணி. "ஏனுங்க, காட்டீட்டீங்களா?" எதிரில் ஒரு பஸ் நின்று, யாரும் ஏறாமல், கிளம்பிப் போயிற்று. "காட்டீட்டேன்." "முடிச்சு?" "ஒரே இழுப்புல வந்துருச்சு." "கை?" "நடுங்குலே." "அந்த பாங்க்காரரு என்ன சொன்னாரு? அதச் சொல்லுங்க மொதல்ல." பெட்டி மடியில் லேசாகச் சாய்ந்தது, உள்ளே அது உருண்டு வந்து அட்டையில் முட்டி நின்றது.

"கம்பெனியே போட்ட மாதிரி இருக்குதுன்னாரு."